இரண்டரை மில்லிமீட்டர் குறைவு

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று மனைவி முகத்தைச் சுளிப்பாள். பெருமைதான், அதில் என்ன தப்பு? அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி என்ஜினுக்குப் பின், புஷ் என்று சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் முப்பத்தோரு வருஷமாக நான் தரப் பரிசோதகன். காலையில் உள்ளே போனால் வெளியே வரும்வரை அளப்பதுதான் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு அட்டையைக் கட்டித் தள்ளி வைத்துவிடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட கேட்டைத் தாண்டாது. இந்தக் குணம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பது அவளுடைய நெடுநாள் புகார். ஆறு டம்ளர் வாங்கியதில் ஒன்று மட்டும் கொஞ்சம் குட்டை என்று கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட்ட ஆள் நான், அதனால் புகாரை முழுசாக மறுக்க முடியாது.

லேப்டாப் எங்கள் மகளுடையது. பிளஸ் டூ படிக்கும்போது அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. கல்லூரியையும் அதிலேயே முடித்தாள். இப்போது கோயம்புத்தூரில் வேலை, கம்பெனியே புதிதாக ஒன்று கொடுத்துவிட்டது. பழையது அவள் அம்மாவுக்கு வந்தது. அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் மாலையானால் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் டியூஷனுக்கு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காக அவள் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு படம், ஒரு குட்டிக் கதை, ஒரு விளையாட்டு என்று வருஷக்கணக்காகச் செய்து அந்த லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தாள். வேறு எங்கும் அதற்கு நகல் கிடையாது.

அந்த வாரம்தான் மகள் ஒரு வேலை செய்தாள். வெளிநாட்டில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற ஒரு வகுப்புக்கு, அம்மா பெயரை அம்மாவிடம் கேட்காமலே கொடுத்துவிட்டாள். அவர்களும் கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பது நிமிஷம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பிடித்தால் வேலை. என் மனைவிக்கு நாற்பத்தொன்பது வயது. கிடைத்தால் இதுதான் அவளுக்கு முதல் வேலை. போனை வைத்துவிட்டு அவள் அரைமணி நேரம் ஹாலுக்கும் சமையலறைக்கும் சும்மாவே நடந்தாள்.

திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்தபோது உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். மெஷினில் பேரிங் கெட்டிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒன்று செய்வோம். ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம். அதையே செய்தேன். இடது கை ஓரத்தில் ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடத்தில் சத்தம் தெளிவாகக் கேட்டது. லேப்டாப் உயிர் பெறவே ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டது.

"டிஸ்க் போகப் போகுது" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ளயா?" என்றாள் மனைவி.

புது லேப்டாப் அனுப்புகிறேன் என்று மகள் சொன்னாள். அதற்குள் வந்து சேராது, வந்தாலும் பாடமெல்லாம் பழையதில்தானே இருக்கிறது? "டிஸ்க்கை மட்டும் மாத்துப்பா. எஸ்.எஸ்.டி. வாங்கு" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னபோதே எனக்குள் ஒரு குஷி கிளம்பிவிட்டது. ஒரு உதிரி பாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் வீட்டுக்கு! இதைவிட எனக்கேற்ற வேலை உண்டா?

நான்கு நாள் அதே நினைப்பு. கேன்டீனில் சாப்பிடும்போது போனில் வீடியோ பார்த்தேன். சுற்றுகிற தட்டு வைத்த பழைய ஜாதி, தட்டே இல்லாத புது ஜாதி (மகள் சொன்ன எஸ்.எஸ்.டி. இதுதான்), சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக ஒரு ஜாதி. அந்தப் பட்டை நம் பழைய லேப்டாப்பில் ஏறாது, அதற்கான துளையே கிடையாது என்பதையெல்லாம் நானே கண்டுபிடித்து, பக்கத்து மெஷின்காரருக்கு வகுப்பு எடுத்தேன். பாவம், அவர் தயிர்சாதத்தோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குக் கிளம்பினேன். சட்டைப் பையில், மயிரிழை வரை அளந்து எண்ணைக் காட்டுகிற என் சொந்த டிஜிட்டல் வெர்னியர் இருந்தது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் போவாரா?

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை. ஒரு மேஜை, சுவர் முழுக்கக் கீபோர்டு, நடுவில் நாற்பது வயதுக் கடைக்காரர். அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து நான்கு திருகைக் கழற்றிப் பழைய டிஸ்க்கை வெளியே எடுத்தார். அதன் பக்கத்தில் புது எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பெட்டியிலிருந்து உருவி வைத்தார். நான் கையில் எடுத்தேன். எடையே இல்லை. காதருகே வைத்துக் குலுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெர்னியரை எடுத்தேன்.

"அண்ணாத்தே, இன்னா பண்ணிகினு கீறே?" என்றார் கடைக்காரர்.

"அளக்குறேன். நீளம் சரி, அகலம் சரி. ஆனா பழசு ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன். இது ஏழுதான் இருக்கு. ரெண்டரை கம்மி."

"கம்மியா இருந்தா இன்னா? உள்ள பூந்துக்கும்ல?"

"பூந்துக்கும். அப்புறம் ஆடும்."

"ஆடுறதுக்கு உள்ள இன்னா கீது நைனா? தட்டும் கெடயாது, முள்ளும் கெடயாது. உள்ள ஒண்ணியுமே கெடயாது."

"உள்ள ஒண்ணுமே இல்லன்னு நீங்களே சொல்றீங்களே!" என்றேன். வசமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் யூனிட்டில் பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, குறைந்தாலே பாகம் குப்பைக்குப் போகும், இது அதைப்போல இருநூற்றைம்பது மடங்கு குறைவு என்று விளக்கினேன். கடைக்கு வந்திருந்த இன்னொருவர் ஆர்வமாகக் கேட்டார். கடைக்காரர் கேட்கவில்லை. குனிந்து, கீழ் டிராயரில் தேடி, பழைய ஸ்டாக்கில் மிஞ்சிய ஒரு சுற்றுகிற டிஸ்க்கை எடுத்தார். சீல் பிரிக்காதது.

"இத அளந்து பாரு."

ஒன்பது புள்ளி நான்கு எட்டு. கையில் கனமாக, திடமாக இருந்தது. மனசு குளிர்ந்துவிட்டது. "இதுதான்" என்றேன்.

"நல்லா யோசிச்சுக்கோ. இது பழைய வேகந்தான் கொடுக்கும். அப்பால வந்து என்னை கேக்கக் கூடாது, ஆமா."

"புது டிஸ்க்குங்க. புதுசுன்னா வேகமாத்தான இருக்கும்?" என்றேன். நான்கு நாள் பார்த்த வீடியோ எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். வெர்னியர் ஒரு எண்ணைக் காட்டிவிட்டால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

பழையதில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகல் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். பழையது டிக் டிக் என்றது. "பாதில நின்னுச்சுனா நான் பொறுப்பு இல்ல" என்றார். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அது நகர நகர மனைவி செய்த படமும் கதையும் ஒவ்வொன்றாகக் கரையேறுகிறது என்று நினைத்து நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. டீ குடிக்கக்கூடப் போகவில்லை. நான்கு மணி நேரம். நூறு என்று வந்ததும் கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். புதியதை லேப்டாப்பில் மாட்டிக்கொண்டு, பழையதை அவரிடமே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் மனைவி லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தச் சொன்னேன். ஆறு நிமிஷம் நாற்பது வினாடி.

"இருபது செகண்டு மிச்சம்!" என்றேன்.

ஒத்திகைக்காக மகளை வீடியோவில் கூப்பிட்டோம். இரண்டாவது நிமிஷத்தில் மனைவியின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனது. படம் ஒன்றைத் திறக்கப் பார்த்தாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம்கூட வரவில்லை.

மகள் என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, என்ன வாங்கின?"

சொன்னேன்.

"எஸ்.எஸ்.டி. தானே வாங்கச் சொன்னேன்?"

"அது ஒல்லியா இருந்துச்சும்மா. ரெண்டரை மில்லிமீட்டர் கம்மி."

"டிராயிங் பாத்தியா?" என்று கேட்டாள்.

அளவு குறித்த வரைபடத்தைச் சொல்கிறாள், என் வாயிலிருந்து அவள் கற்ற வார்த்தை. நான் பார்க்கவில்லை. அவளே தேடி, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பினாள். ஹார்ட் டிஸ்க் உட்காருகிற குழியின் படம். பக்கத்தில் ஒன்பதரை என்று போட்டு, அதற்கு முன்னால் 'அதிகபட்சம்' என்று அச்சடித்திருந்தது. அதிகபட்சம்! மேல் எல்லை மட்டும்தான். அதற்குக் கீழே எதுவானாலும் பாஸ்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. தேய்ந்துபோன பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதை அளக்காதே, டிராயிங்கைப் பார்த்து அள என்று முப்பத்தோரு வருஷமாக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! ஒருவரை ஒரு வாரம் அளக்கவே விடாமல் உட்கார வைத்தேன், இதே தப்புக்காக. நல்ல பொருளை ரிஜெக்ட் செய்துவிட்டு ஓட்டையைப் பாஸ் பண்ணிக் கையெழுத்தும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

அன்று எனக்கு உறைத்தது அது மட்டுமில்லை. மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது, ஆவடியில் ஒரு நர்சரிப் பள்ளியிலிருந்து மனைவிக்கு வேலைக்குக் கடிதம் வந்தது. நான் சத்தமெல்லாம் போடவில்லை. "இப்ப வேண்டாம்" என்றேன், அவ்வளவுதான். அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுத்ததில்லை. இரண்டாவது முறையும் என்னாலேயே போனால் என் முகத்தை நானே எப்படிப் பார்ப்பேன்?

சமையலறை வாசலில் நின்று, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுறேன்" என்றேன்.

"பண்ணுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சனிக்கிழமை எனக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும், காலையிலேயே கொண்டுபோயிருந்த லேப்டாப் பையோடு நேராகப் பூந்தமல்லிக்கு வண்டியை விரட்டினேன். குமணன்சாவடியில் மெட்ரோ தூணுக்கு இரண்டு பக்கமும் லாரியும் பஸ்ஸும் அசையாமல் நின்றன. கடை அடைத்திருப்பாரோ, அந்த ஒன்று விற்றுப் போயிருக்குமோ என்று ஹாரனை விடாமல் அழுத்தினேன். கடைக்குள் நுழைந்ததும் அவர் டிராயரைத் திறந்து, நேற்று நான் ரிஜெக்ட் செய்த அதே பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"வா நைனா. நீ வருவேன்னு தெரியும். நேத்தே எடுத்து வச்சிட்டேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கெழட்டு டிஸ்க்குல இருந்ததெல்லாம் நேத்து நீ வாங்குன டிஸ்க்குக்கு பத்திரமா வந்துடுச்சுல? அந்தக் கெழடு இன்னைக்கு ஸ்டார்ட்டே ஆவல, பாத்துட்டேன். நீ எடுத்துகினு போனது அதுக்காச்சும் ஒதவுச்சு" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த முறை நகல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எஸ்.எஸ்.டி.யை உள்ளே வைத்து மூடினார். நான் லேப்டாப்பை மெல்லச் சாய்த்தேன். உள்ளே டொக் என்றது.

"ஆடுது!" என்றேன். குரலில் கொஞ்சம் வெற்றி தெரிந்திருக்கும்.

அவரும் ஆட்டிப் பார்த்தார். "அட, ஆமா. சில பொட்டில ஒரு பிளாஸ்டிக் பிரேம் போட்டு குடுப்பான். இதுல இல்ல." ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து மடிக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அட்டை அமுங்கிடும், இருங்க" என்று பர்ஸை எடுத்தேன். காலாவதியான ஏ.டி.எம். கார்டு இரண்டு, எப்போதோ ஒரு துணிக்கடையில் கொடுத்த கார்டு ஒன்று. வெர்னியரில் வைத்தேன். ஒவ்வொன்றும் பூஜ்யம் புள்ளி ஏழு ஆறு. மூன்றும் சேர்ந்தால் இரண்டு புள்ளி இரண்டு எட்டு. கார்டுகளுக்கு நடுவில் இரண்டு இடுக்கிலும் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைக் கொடுத்தால் இரண்டு புள்ளி நான்கு எட்டு. இரண்டரைக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டுதான் குறைவு!

கத்தரி வாங்கி, திருகு வருகிற இடத்தை விட்டு வெட்டி, அடுக்கி, ஒட்டி, அழுத்தி வைத்தேன். சிக்கென்று உட்கார்ந்தது. மூடினோம். சாய்த்தோம், கவிழ்த்தோம், கடைக்காரர் தன் காதில் வைத்து ஆட்டினார். சத்தம் இல்லை.

"மாமே, நீ சும்மா ஆளு இல்ல" என்றார். இரண்டு நாளில் அண்ணாத்தேயிலிருந்து மாமே வரைக்கும் வந்துவிட்டேன்.

பொத்தானை அழுத்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வினாடி. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அதிலிருந்துதான் நான் கத்தியிருக்கிறேன் என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அவள் கையாலேயே அழுத்தச் சொன்னேன். திரை வந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றாள். அணைத்தாள், மறுபடி போட்டாள். மூன்றாவது முறையும் அணைத்துப் போட்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆனாவும் ஆவன்னாவும் எல்லாம் இருந்தன, தொட்டதும் வந்தன.

ஞாயிறு காலை பத்தடிக்க ஐந்து நிமிஷம். அவள் பச்சைப் பட்டுப் புடவையில் மேஜைமுன் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, மின்சாரத்தில்தான் ஓடுகிறது. சுவரில் பிளக் சொருகுகிற இடமோ தொளதொளவென்று இருந்தது. கொஞ்சம் நழுவினாலும் லேப்டாப் அணைந்துவிடும். எதையாவது வைத்து முட்டுக் கொடுக்க நேரமில்லை. நான் மேஜைக்கடியில் புகுந்து, சுவரோடு சாய்ந்து, பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து எனக்கு அவள் கால்விரல்கள்தான் தெரிந்தன. நடுங்கிக்கொண்டிருந்தன. நான்கு பிள்ளைகள் வந்தார்கள். ஒருவனுக்கு அங்கே விடியற்காலையாம், கொட்டாவி விட்டபடியே வணக்கம் சொன்னான். இன்னொரு சிறுமி பேசவே மாட்டேன் என்றாள். என் மனைவி 'ட' எழுத்தை எடுத்தாள். டமாரம் அடிக்கிற யானையின் படம் போட்டாள். "எங்கே, உங்க மேஜையில அடிங்க பாக்கலாம், ட! ட! ட!"

நான்கு தேசத்து மேஜைகளும் அதிர்ந்தன. பேசாத சிறுமி எல்லாரையும்விடச் சத்தமாக அடித்தாள். அடித்துக்கொண்டே "டீச்சர், டீச்சர், டப்பா!" என்று கத்தினாள். படம் நிற்கவில்லை, குரல் உடையவில்லை. என் மனைவியின் கால்விரல்கள் நடுக்கம் நின்று தாளம் போட ஆரம்பித்தன. இப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டு என்பது எனக்குத் தெரியாது. டியூஷன் நேரத்தில் நான் எப்போதும் ஷிப்டில் இருப்பேன். மேஜைக்கடியில் உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

நாற்பது நிமிஷம் ஒரு மணி நேரமாகிவிட்டது. யாரும் முடிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் போனபின் அந்த வகுப்பை நடத்துகிற அம்மாவின் குரல் கேட்டது.

"இத்தனை வருஷம் எங்க டீச்சர் இருந்தீங்க?"

"இங்கதான் இருந்தேன்" என்றாள் என் மனைவி.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த மடித்து வைத்த கடிதம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மா என்னென்னவோ பேசினார், திங்கட்கிழமை, நேரம், எத்தனை பிள்ளைகள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

பிறகு அவள் குனிந்து மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தது.

"வேலை கெடச்சிடுச்சுங்க. இன்னும் நாலு பிள்ளைங்க காத்திருக்காங்களாம், இப்பவே எடுக்க முடியுமான்னு கேக்குறாங்க. உங்களுக்குக் கை வலிக்குதா?"

தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போயிருந்தது. "இல்லவே இல்ல, நீ எடு" என்று சொல்லிவிட்டு, பிளக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.